தகரம் தட்டுகிறவர்கள்

நம் நாட்டிலேயே செய்யப்போகும் புல்லட் ரயிலைப் பற்றி ஞாயிற்றுக்கிழமை இரவு தொலைக்காட்சி விவாதத்தில் ஒருவர் பேசியதை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். விடிவதற்குள் எனக்கே பதினான்கு பேர் அனுப்பிவிட்டார்கள். சிலர் சிரிக்கும் முகம் போட்டு அனுப்பியிருந்தார்கள். "பெரம்பூரில் தகரம் தட்டுகிறவர்களிடம் போய் புல்லட் ரயில் கேட்டால் இப்படித்தான்" என்ற அந்த ஒரு வாக்கியத்தை மூன்று முறை திரும்பத் திரும்பக் கேட்டேன். எழுத வேண்டாம் என்று இரண்டு நாள் பொறுத்திருந்தேன். முடியவில்லை.

முதலில் கணக்கைப் பேசிவிடுகிறேன். இரண்டு ரயிலுக்கு 866 கோடி, ஒரு ரயிலுக்கு 433 கோடி, கொள்ளை என்றார் அவர். கூட இருந்தவர்களும் தலையாட்டினார்கள். 2024 அக்டோபரில் பெரம்பூரின் ரயில் பெட்டித் தொழிற்சாலையான ஐ.சி.எஃப்., பெங்களூரின் பொதுத்துறை நிறுவனமான பெமலுக்குக் கொடுத்த ஆர்டரின் மதிப்பு 866.87 கோடி என்பது உண்மைதான். எட்டெட்டுப் பெட்டிகள் கொண்ட இரண்டு ரயில்கள், மணிக்கு 280 கிலோமீட்டர் வேகத்துக்கான வடிவமைப்பு. ஆனால் ஒரு பெட்டியின் விலை 27.86 கோடி என்று அதே அறிவிப்பில் இருக்கிறதே, அதை ஏன் ஒருவரும் படிக்கவில்லை? பதினாறால் பெருக்கிப் பாருங்கள், 446 கோடிக்குள் அடங்கிவிடுகிறது. மீதமுள்ள 421 கோடி எதற்கு என்பதும் அங்கேயே எழுதியிருக்கிறது. வடிவமைப்புச் செலவு, ஒருமுறை மட்டுமே ஆகும் உருவாக்கச் செலவு, ஜிக்குகள், கருவிகள், சோதனை வசதிகள். அடுத்து செய்யப்போகும் ரயில்களுக்கும் இவையே பயன்படும். அதாவது, ஏறக்குறைய பாதிப் பணம் கற்றுக்கொள்வதற்கான செலவு. நான் சொல்ல வந்தது இதைத்தான். ரயிலை வாங்குங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை; கற்றுக்கொண்டு வாங்குங்கள்.

ஜிக் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். தகடுகளை வெல்டிங் செய்யும்போது சூட்டில் அவை முறுக்கிக்கொள்ளும். ஒரு மில்லிமீட்டர்கூட நகரவிடாமல் இறுக்கிப் பிடிக்கிற இரும்புச் சட்டம்தான் ஜிக். பெட்டியின் முழு நீளத்துக்கும் நிற்கும். ஆயுதபூஜை அன்று அப்பா என்னை உள்ளே அழைத்துப்போனபோது அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்து, இரண்டு முனையிலும் வாழைக்கன்று கட்டியிருந்தார்கள். எனக்கு அப்போது எட்டு வயது. பூஜை எல்லாம் ரயிலுக்குத்தான் என்று நினைத்துப் போயிருந்தேன். "ரயில் எங்கே?" என்று கேட்டேன். "இதுதான் ரயிலுக்கு அம்மா" என்றார்.

அப்பா ஐ.சி.எஃப். ஷெல் டிவிஷனில், அதாவது பெட்டியின் கூட்டைச் செய்கிற பிரிவில், முப்பத்து மூன்று ஆண்டுகள் வெல்டராக இருந்தார். ஆம், விவாதத்தில் பேசியவர் சொன்ன அந்தத் தகரம் தட்டுகிறவர்.

இதைச் சொன்னவுடன், "உங்கள் அப்பா அங்கே வேலை பார்த்தார், அதனால் உணர்ச்சிவசப்படுகிறீர்கள்" என்று எழுத வருவீர்கள். ஏற்கெனவே ஒருவர் உள்பெட்டியில் எழுதிவிட்டார். உணர்ச்சிவசப்படுகிறேன்தான். வெல்டிங் வெளிச்சம் அடித்துவிட்ட இரவுகளில் கண்ணில் மணலைக் கொட்டியதுபோல இருக்கிறது என்று அவர் புரண்டு புரண்டு படுத்ததைப் பார்த்தவன் நான். அம்மா உருளைக்கிழங்கை வட்டமாகச் சீவி இரண்டு கண்மீதும் வைத்துவிட்டு, விசிறிக்கொண்டே உட்கார்ந்திருப்பார். காலை முதல் ஷிப்டுக்குச் சங்கு ஊதும்போது அதே கண்களோடு அப்பா சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். இதைப் பார்த்து வளர்ந்த ஒருவனுக்கு ரயிலைப் பற்றிப் பேசத் தகுதியில்லை, தொலைக்காட்சி நாற்காலியில் உட்கார்ந்தவருக்கு மட்டும் தகுதி இருக்கிறது என்றால், அந்த நியாயம் எனக்குப் புரியவில்லை.

சரி, உணர்ச்சியை விடுங்கள். உலகம் எப்படி வாங்கியது என்று பாருங்கள்.

தென் கொரியா 1994-இல் பிரான்சிடம் அதிவேக ரயில் வாங்க ஒப்பந்தம் போட்டது. மொத்தம் 46 ரயில்கள். பிரான்சில் செய்து அனுப்பியது 12. மற்ற 34 ரயில்களையும் கொரியாவிலேயே செய்தார்கள். 2004-இல் சேவை தொடங்கியது. 2010-இல் தாங்களே வடிவமைத்த ரயிலை அதே பாதையில் விட்டார்கள். சீனா 2004-இல் ஜப்பானின் கவாசாகி தரப்பிடம் 60 ரயில்களுக்கு ஆர்டர் கொடுத்தது. முழுதாக வந்து இறங்கியவை மூன்றே மூன்று. ஆறு ரயில்கள் உதிரி பாகங்களாக வந்து சீனாவில் பூட்டப்பட்டன. 51 ரயில்கள் சீனத் தொழிற்சாலையிலேயே உருவாயின. அந்த முதல் சுற்றில் அதிக விலை சொல்லி வாய்ப்பை இழந்த ஜெர்மனியின் சீமென்ஸ் நிறுவனம் மறு ஆண்டே தொழில்நுட்பத்தையும் தர ஒப்புக்கொண்டு திரும்பி வந்தது. 3, 6, 51. இந்த மூன்று எண்களை மட்டும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாங்கும்போதே கற்றுக்கொள்வது என்றால் இதுதான்.

தைவான் வேறு வழியில் போனது. 2007-இல் தொடங்கிய பாதைக்கு 30 ரயில்களையும் ஜப்பானிலேயே செய்து கொண்டுவந்தது. அருமையான ரயில்கள், அதில் சந்தேகமே இல்லை. பின்னர் கூடுதல் ரயில்கள் தேவைப்பட்டபோது ஜப்பானியத் தரப்பு கேட்ட விலை கட்டுப்படியாகவில்லை என்று 2021-இல் கொள்முதலையே நிறுத்தியது. கடைசியில் 2023-இல் மீண்டும் ஜப்பானியக் கூட்டமைப்பிடமே 12 ரயில்களுக்குக் கையெழுத்திட்டது. பாதையும் சிக்னலும் ஒரு வீட்டுக்காரருடையதாக இருந்தால் பெண் எடுக்க வேறு வீட்டுக்குப் போக முடியாது.

இது எனக்கு ஏட்டுப் படிப்பில்லை. நான் பத்து ஆண்டுகள் வேலை பார்த்த ஆலையில் வெளிநாட்டிலிருந்து வந்த இயந்திரம் ஒன்று இருந்தது. முதல் மூன்று ஆண்டுகள் தங்கம் மாதிரி ஓடியது. பிறகு ஒருநாள் நின்றுவிட்டது. கட்டுப்பாட்டுப் பெட்டிக்குள் ஒரு சிறு அட்டை பழுதாகியிருந்தது, உள்ளங்கையில் அடங்குகிற அளவுதான். பெட்டியில் முத்திரை ஒட்டியிருந்தது. அதைப் பிரித்தால் உத்தரவாதம் போய்விடும். எங்கள் மின்பிரிவுப் பெரியவர் ஒருவர், இருபத்தைந்து ஆண்டு அனுபவம் உள்ளவர், அந்த முத்திரைக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றதை நான் மறக்கவே மாட்டேன். அட்டை வந்து சேர நான்கு மாதம் ஆனது. அதை மாட்ட ஒரு இளைஞர் விமானத்தில் வந்தார். இருபது நிமிட வேலை. அந்த இருபது நிமிடமும் எங்களை அறைக்கு வெளியே நிற்கச் சொன்னார்கள். ஒரு இயந்திரத்துக்கே இந்த நிலை. முப்பது ஆண்டுகள் ஓடப்போகிற ரயிலுக்கு யோசித்துப் பாருங்கள்.

"ஜப்பானின் புல்லட் ரயிலான ஷின்கான்சென் 1964-இலிருந்து ஓடுகிறது. தடம்புரண்டோ மோதியோ ஒரு பயணிகூட இறந்ததில்லை. பாதுகாப்பில் விளையாடலாமா?" என்று கேட்கிறீர்கள். நியாயமான கேள்வி. ஜப்பானியர்களின் அந்த ஒழுங்கின் முன் நான் தலைவணங்குகிறேன். அதனால்தான் அவர்களிடம் கற்றுக்கொள்ளச் சொல்கிறேன். அவர்களும் பிறக்கும்போதே கற்றுக்கொண்டு பிறக்கவில்லை. டோக்கியோ-ஒசாகா பாதைக்கு உலக வங்கியிடம் 8 கோடி டாலர் கடன் வாங்கியவர்கள்தான். கடன் வாங்கினார்கள், ஆனால் ரயிலைத் தாங்களே செய்தார்கள்.

"மும்பை-அகமதாபாத் புல்லட் ரயில் பாதைக்கு ஜப்பான் கடன் 0.1 சதவீத வட்டிக்குக் கிடைக்கிறது, 50 ஆண்டுகளில் கட்டினால் போதும், யார் தருவார்கள்?" என்கிறார் இன்னொரு நண்பர். உண்மை. கடன் கொடுக்கிறவரும் சரக்கு விற்கிறவரும் ஒரே ஊர்க்காரர்களாக இருக்கும்போது வட்டியை மட்டும் பார்க்கக் கூடாது என்பதை நம் வீட்டுப் பெண்கள் தவணைக் கடைக்காரரிடமே தெரிந்துகொண்டிருக்கிறார்கள். 2017 செப்டம்பரில் அகமதாபாத்தில் அடிக்கல் நாட்டியபோது பேச்செல்லாம் ஜப்பானின் இ5 வகை ரயில் பற்றி இருந்தது. இப்போது அதைவிடப் புதிய இ10 வரப்போகிறது என்கிறார்கள். 508 கிலோமீட்டர் பாதையில் முதல் பகுதியை 2027-இல் திறப்பதாக அறிவித்திருக்கிறார்கள். பாதை முதலில் வந்து, அதற்கென நினைத்த ரயில் பின்னால் வருகிற நிலை. இந்த இடைவெளியில் கைகொடுக்கப்போவது யாருடைய ரயில்? தகரம் தட்டுகிறவர்களுடையது.

மணிக்கு 320 கிலோமீட்டர் வேகத்தில் ஓட வேண்டிய பாதையில் 280 கிலோமீட்டர் வேக ரயிலா என்ற கேள்விக்கு என் பதில்: ஆம், முதலில் 280. 2018-இல் பதினெட்டே மாதத்தில், நூறு கோடிக்குள், அதே பெரம்பூரிலிருந்து வெளியே வந்த ரயில் சோதனை ஓட்டத்தில் 180-ஐத் தொட்டது. இன்று நீங்கள் குடும்பத்தோடு படம் எடுத்துப் போடுகிற வந்தே பாரத் அதுதான். அதையும் அன்றைக்கு இப்படித்தான் பேசினார்கள். இரண்டு ரயிலோடு நின்றுபோய், அடுத்த வடிவம் வர 2022 ஆனது. அந்த ஆண்டுகளில் வீணானது யாருடைய உழைப்பு என்று எந்த விவாதத்திலும் யாரும் கேட்டதில்லை.

பொதுப்பெட்டியில் மனிதர்கள் தொங்கிக்கொண்டு போகும் நாட்டில் புல்லட் ரயிலே எதற்கு என்று கேட்பவர்களோடு எனக்குச் சண்டை இல்லை. அது வேறு விவாதம். ஆனால் வாங்குவது என்று முடிவான பிறகு, எப்படி வாங்குகிறோம் என்பதுதான் கேள்வி.

1955 அக்டோபர் 2-இல் நேரு ஐ.சி.எஃப்-ஐத் திறந்துவைத்தபோது நமக்கு இந்த வகைப் பெட்டி செய்யத் தெரியாது. ஸ்விட்சர்லாந்தின் ஷ்லீரன் நிறுவனத்திடமிருந்து கற்றுக்கொண்டோம். அன்றைக்கு யாராவது "அயனாவரத்துக்காரனுக்கு என்ன தெரியும், சுவிஸ்காரனிடமே வாங்கிக்கொண்டே இருப்போம்" என்று முடிவெடுத்திருந்தால் அதன் பிறகு அங்கே உருவான 70,000-க்கும் மேற்பட்ட பெட்டிகள் எங்கே? உங்கள் தாத்தா எந்தப் பெட்டியில் காசிக்குப் போனார்? நீங்கள் எந்தப் பெட்டியில் கல்லூரிக்குப் போனீர்கள்?

ஊருக்கு ரயிலில் போகும்போதெல்லாம் அப்பா முதலில் கதவருகே நிற்பார். அங்கே பதித்திருக்கும் சிறிய உலோகத் தகட்டைக் கட்டைவிரலால் துடைப்பார். ஒருமுறை அதில் சுண்ணாம்பு அப்பியிருந்தது. எச்சில் தொட்டுத் துடைத்தார். அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெட்டி எந்த ஆண்டு வெளியே போனது என்று பார்த்துவிட்டுத்தான் எங்கள் இருக்கைக்கு வருவார்.

ஞாயிற்றுக்கிழமை அவரும் என் பக்கத்தில் உட்கார்ந்து அந்த நிகழ்ச்சியைப் பார்த்தார். எழுபத்தைந்து வயதாகிறது. அந்த வாக்கியம் வந்தபோது நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை, பார்க்கத் துணிவில்லை. தொலைக்காட்சியை அணைத்தேன். கொஞ்ச நேரம் கழித்து அவர்தான் பேசினார். அவ்வளவு வேகத்தில் சுரங்கத்துக்குள் நுழைந்தால் உள்ளே இருப்பவர்களின் காது அடைக்குமே, அதற்கு என்ன செய்வார்கள் என்று கேட்டார். பெட்டியைக் காற்றுப் புகாமல் செய்ய வேண்டும், இந்தப் பாதையில் மட்டும் 21 கிலோமீட்டர் சுரங்கம் இருக்கிறது, அதில் 7 கிலோமீட்டர் மும்பையை அடுத்த தானே நகரக் கழிமுகத்துக்கு அடியில் போகிறது என்றேன்.

அவர் எழுந்து நிமிர்ந்து உட்கார்ந்தார். ஷெல் முடிந்ததும் மேலிருந்து மழை மாதிரி தண்ணீர் விடுவோம், உள்ளே ஒருவன் டார்ச் அடித்துக்கொண்டு மூலை மூலையாகத் தேடுவான் என்று கையை வீசிக் காட்டினார். ஒரு சொட்டு இறங்கினாலும் சாக்பீஸால் வட்டம் போடுவானாம். அந்த வட்டம் எந்த வெல்டருடைய கோட்டில் விழுந்தது என்று ஷாப் முழுக்கத் தெரிந்துவிடுமாம். தன் கோட்டில் விழுந்த இரண்டு வட்டங்களையும் பெட்டியின் எந்தப் பக்கம் என்பதோடு சொன்னார்.

பிறகு, பெங்களூரிலும் ஆயுதபூஜைக்கு வெளியாட்களை உள்ளே விடுவார்களா என்று கேட்டார். விசாரித்துச் சொல்வதாகச் சொல்லியிருக்கிறேன்.