மொடக்குறிச்சியில் மனுப் போட்ட 1,033 பேர்

1996 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் மொடக்குறிச்சித் தொகுதியில் 1,033 பேர் போட்டியிட்டார்கள். என் சித்தப்பாவும் அதில் ஒருவர். எனக்கு அப்போது பதினாலு வயது. மனுக் கொடுக்கப் போன அன்று காலையில் வெள்ளை வேட்டி கட்டி, மஞ்சள் விற்ற பணத்தில் 250 ரூபாயை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு கிளம்பினார். ஜெயிப்போம் என்று அவரும் நினைக்கவில்லை, கூடப் போனவர்களும் நினைக்கவில்லை. விவசாயிகள் சொல்வதை எந்தக் கட்சியும் காதில் போட்டுக்கொள்ளவில்லை, ஊரே சேர்ந்து மனுப் போட்டால் டெல்லி வரைக்கும் சேதி போகும் என்பதுதான் அவர்கள் கணக்கு.

சேதி போனது. வாக்குச்சீட்டைப் புத்தகமாக அச்சடிக்க வேண்டியிருந்தது. ஓட்டுப்பெட்டியைப் பெரிதாகச் செய்ய வேண்டியிருந்தது. வாக்குப்பதிவே ஒரு மாதம் போலத் தள்ளிப்போனது. கடைசியில் தி.மு.க.வின் சுப்புலட்சுமி ஜெகதீசன் வென்றார். சித்தப்பாவின் 250 ரூபாய் திரும்பி வரவில்லை.

அதே வருடம் மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தைத் திருத்தினார்கள். எங்கள் ஊரை மட்டும் பார்த்துச் செய்தது என்று சொல்ல மாட்டேன். நல்கொண்டாவிலும் பெல்காமிலும் அந்தத் தேர்தலில் நானூறு பேருக்கு மேல் நின்றிருந்தார்கள். சட்டமன்றத்துக்கு டெபாசிட் 250 ரூபாயிலிருந்து 5,000 ஆனது, மக்களவைக்கு 500-லிருந்து 10,000. அங்கீகரிக்கப்பட்ட கட்சியின் வேட்பாளரை ஒருவர் முன்மொழிந்தால் போதும், மற்றவர்களுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றார்கள். பலன் உடனே தெரிந்தது. 1996 மக்களவைத் தேர்தலில் நாடு முழுக்க 13,952 பேர் நின்றார்கள், 1998-ல் 4,750 பேர். 2009-ல் டெபாசிட்டை இன்னும் ஏற்றி, சட்டமன்றத்துக்கு 10,000, மக்களவைக்கு 25,000 என்று ஆக்கினார்கள்.

ஓட்டுச்சீட்டு புத்தகம் ஆவதைத் தடுக்க வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஆயிரம் பேர் ஏன் மனுப் போட்டார்கள் என்ற கேள்வியை அந்தத் திருத்தம் தொடவே இல்லை. போடுகிற ஓட்டு இடமாக மாறுவதற்கு இங்கே ஒரே ஒரு வழிதான் இருக்கிறது: தொகுதியில் எல்லோரையும் விட ஒரு ஓட்டாவது கூட வாங்க வேண்டும். அதை மாற்றாத வரைக்கும் கொங்கு நாட்டில் கூட்டணியும் எதிர்க்கட்சியும் இப்படித்தான் இருக்கும் என்பது என் எண்ணம். அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம், பொறுத்துக்கொள்ளுங்கள்.

2009-ல் நடந்ததை நினைத்துப் பாருங்கள். கொங்குநாடு முன்னேற்றக் கழகம் புதிதாகத் தொடங்கி, தனியாக மக்களவைத் தேர்தலில் நின்றது. கோவைத் தொகுதியில் மட்டும் ஈ.ஆர்.ஈஸ்வரன் ஒரு லட்சத்துக்கு மேல் ஓட்டு வாங்கினார். மேற்கு மாவட்டங்கள் எல்லாம் சேர்த்தால் லட்சக்கணக்கில் ஓட்டு. இடம் ஒன்றுகூட இல்லை. அந்தக் கட்சியின் எல்லாக் கருத்தும் எனக்கு உடன்பாடு இல்லை. ஆனாலும் அத்தனை பேர் கை நீட்டிச் சொன்ன ஒரு விஷயம் நாடாளுமன்றத்தில் ஒரு குரலாகக்கூடப் போய்ச் சேரவில்லையே என்று அன்றைக்கு மனசு கஷ்டப்பட்டது.

அப்புறம் அவர்களுக்கு வேறு வழி என்ன? 2011-ல் தி.மு.க. கூட்டணியில் ஏழு தொகுதி வாங்கி ஏழிலும் தோற்றார்கள். ஈஸ்வரன் 2013-ல் கொங்குநாடு மக்கள் தேசிய கட்சியைத் தொடங்கினார். 2014-ல் பா.ஜ.க. கூட்டணி. 2019-ல் நாமக்கல்லிலும், 2021-ல் திருச்செங்கோட்டிலும், 2024-ல் மறுபடி நாமக்கல்லிலும் அந்தக் கட்சிக்காரர்கள் ஜெயித்தார்கள், மூன்று முறையும் உதயசூரியன் சின்னத்தில். ஒரு கட்சியின் சின்னத்தில் ஜெயித்தவர் சட்டப்படி அந்தக் கட்சியின் உறுப்பினர். 1985-ல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டத்தின்படி பெரிய கட்சியின் கொறடா சொல்கிறபடிதான் அவர் ஓட்டுப் போட வேண்டும். சொந்தச் சின்னத்தில் நின்றால் ஓட்டு உண்டு, இடம் இல்லை. அடுத்தவர் சின்னத்தில் நின்றால் இடம் உண்டு, தனி அடையாளம் இல்லை. நான் அவர்களைக் குறை சொல்லவில்லை. அந்த நாற்காலியில் யார் உட்கார்ந்தாலும் அதையேதான் செய்வார்கள்.

கோவை கம்யூனிஸ்ட்டுகளைப் பாருங்கள். மில் தொழிலாளர்களின் ஊர், சங்கம் வளர்ந்த ஊர். 2019-ல் பி.ஆர்.நடராஜன் ஜெயித்த தொகுதி. 2024 தொகுதிப் பங்கீட்டில் கோவையை தி.மு.க. எடுத்துக்கொண்டது, மார்க்சிஸ்ட் கட்சிக்குத் திண்டுக்கல் போனது. கூட்டணிக்கு அது சரியான கணக்காக இருக்கலாம். ஆனால் கோவையில் ஆயுள் முழுக்க அரிவாள் சுத்தியலுக்குக் குத்தி வந்த ஒரு மில் தொழிலாளிக்கு அன்றைக்கு மெஷினில் அவருடைய சின்னம் இல்லை.

பெரிய கட்சிகளும் இதில் தப்பவில்லை. 2024-ல் கோவையில் தி.மு.க.வின் கணபதி ராஜ்குமார் 5,68,200 ஓட்டு, பா.ஜ.க.வின் அண்ணாமலை 4,50,132, அ.தி.மு.க.வின் சிங்கை ராமச்சந்திரன் 2,36,490. பின்னால் இருந்த இரண்டையும் கூட்டினால் முன்னால் இருந்ததைத் தாண்டுகிறது. இந்தக் கூட்டல் தெரியாத பேக்கரி கோவையில் கிடையாது. 2023 செப்டம்பரில் பிரிந்த அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் 2025 ஏப்ரலில் மறுபடி சேர்ந்தன. கொள்கை பற்றி இரண்டு தரப்பும் என்ன சொன்னாலும், சேர வைத்தது இந்தக் கூட்டல்தான் என்று நான் நம்புகிறேன். கோவை தெற்கில் 2021-ல் வானதி சீனிவாசன் 1,728 ஓட்டு வித்தியாசத்தில் கமல்ஹாசனை வென்றார். காங்கிரஸ் வேட்பாளரும் நாற்பதாயிரத்துக்கு மேல் வாங்கினார். பதிவான ஓட்டில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல் வாங்கியவர் எம்.எல்.ஏ., மற்ற இரண்டு பங்கும் கணக்கில் வராது. எங்கள் மொடக்குறிச்சியிலும் அதே தேர்தலில் 281 ஓட்டில் முடிவு மாறியது.

எனக்கு உண்மையிலேயே பயம் தருவது இந்த ஊசலாட்டம். 2021 மே மாதம் கோவை மாவட்டத்தின் பத்துத் தொகுதியும் அ.தி.மு.க. கூட்டணிக்கு. 2022 பிப்ரவரியில் கோவை மாநகராட்சியின் 100 வார்டில் 96 தி.மு.க. கூட்டணிக்கு. அ.தி.மு.க.வுக்கு மூன்றே வார்டு. பத்தே மாதத்தில் ஊர் ஜனம் அடியோடு மனம் மாறிவிட்டதா? ஒரு பகுதி மாறியிருக்கும். மீதியைச் செய்தது எண்ணுகிற முறை. குடிநீர் வரியைப் பற்றியும் பாதாளச் சாக்கடை பற்றியும் மாமன்றத்தில் கேள்வி கேட்க எதிர்த்தரப்பில் விரல் விட்டு எண்ணுகிற அளவுதான் ஆள் இருந்தது. எந்தக் கட்சி ஆண்டாலும் அது ஊருக்கு நல்லதில்லை.

எதிர்க்கட்சி யார் என்பதையே இந்த முறை தலைகீழாக்கியிருக்கிறது. 2011-ல் தி.மு.க. 22 சதவீதத்துக்கு மேல் ஓட்டு வாங்கி 23 இடம் பெற்றது. தே.மு.தி.க. எட்டு சதவீதம்கூட இல்லை, அ.தி.மு.க. கூட்டணியில் நின்றதால் 29 இடம். விஜயகாந்த் எதிர்க்கட்சித் தலைவரானார். இதைவிடப் பெரிய உதாரணம் கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. இலங்கையில் 1977 தேர்தலில் ஐக்கிய தேசியக் கட்சி பாதி ஓட்டுக்குச் சற்று மேல் வாங்கி 168-ல் 140 இடம் எடுத்தது. சுமார் 30 சதவீத ஓட்டு வாங்கிய சுதந்திரக் கட்சிக்கு எட்டே இடம். ஏழு சதவீதம்கூட வாங்காத தமிழர் விடுதலைக் கூட்டணி வடகிழக்கில் குவிந்து நின்றதால் 18 இடம் பெற்று, அமிர்தலிங்கம் எதிர்க்கட்சித் தலைவரானார். அடுத்த வருடமே அந்த நாடு புதிய அரசியலமைப்பில், கட்சிகள் வாங்கிய ஓட்டு விகிதப்படி இடம் கொடுக்கிற விகிதாச்சார முறைக்குப் போனது. அதன்படி 1989-ல் நாடாளுமன்றத் தேர்தல் நடந்தது. அதற்குப் பிறகு முஸ்லிம் காங்கிரசும் மலையகத் தொழிலாளர் காங்கிரசும் யார் அரசு அமைப்பது என்று பேசுகிற இடத்துக்கு வந்தன. இலங்கையின் மற்ற துயரங்களை அந்த முறை தீர்த்துவிடவில்லை, அது எனக்கும் தெரியும். கூட்டணி பேசுகிற விதம் மாறியது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நியூசிலாந்து 1993-ல் மக்களிடமே கேட்டு முறையை மாற்றியது. 1996-லிருந்து அங்கே ஒருவருக்கு இரண்டு ஓட்டு, ஒன்று தொகுதி வேட்பாளருக்கு, இன்னொன்று கட்சிக்கு. கட்சிகள் தனித்தனியாக நின்று, தங்கள் பலத்தைக் காட்டி, அதற்குப் பிறகு ஒப்பந்தம் எழுதி ஆட்சி அமைக்கின்றன. 2017-ல் அதிக இடம் வாங்கிய தேசியக் கட்சி எதிர்வரிசையில் உட்கார்ந்தது. 120 பேர் அவையில் 56 பேரோடு உட்கார்ந்த எதிர்க்கட்சி அது.

நம் ஊரிலும் இது புதுப் பேச்சு இல்லை. 1999-ல் சட்ட ஆணையம் தன் 170-வது அறிக்கையில், இருக்கிற தொகுதிகளை அப்படியே வைத்துக்கொண்டு, கூடுதலாக 25 சதவீத இடங்களைச் சேர்த்து, அவற்றைக் கட்சிகள் வாங்கிய ஓட்டு விகிதப்படி பட்டியலிலிருந்து நிரப்பலாம் என்று பரிந்துரைத்தது. நான் கேட்பதும் அந்தக் கலப்பு முறையைத்தான். சட்டமன்றத்துக்கு இது வர அரசியலமைப்பின் 170-வது பிரிவைத் திருத்த வேண்டும், அதனால் நாடாளுமன்றம்தான் செய்ய முடியும். ஒரே நாடு ஒரே தேர்தலுக்கு 2024 டிசம்பரில் திருத்த மசோதா கொண்டுவர முடிந்தவர்களுக்கு இதைக் கொண்டுவரவும் முடியும்.

இப்படிச் சொன்னால் நண்பர்கள் உடனே கேட்பது, ‘அப்புறம் சாதிக்கு ஒரு கட்சி வந்துவிடுமே?’ என்று. கொங்கு நாட்டில் இதைக் கேட்காமல் இருக்கக் கூடாது, நியாயமான கேள்வி. நான் கவுண்டர் வீட்டில் பிறந்தவன், அதனால் இதை இன்னும் கவனமாக யோசித்தேன். இன்றைய முறையில் சாதி இல்லாமலா இருக்கிறது? பெரும்பாலான பொதுத் தொகுதிகளில் எல்லாக் கட்சியும் எந்தச் சாதி ஓட்டு அதிகம் என்று பார்த்துத்தான் ஆள் போடுகின்றன. எங்கள் சாதிக்கு அதனால் நட்டமே இல்லை. எங்கள் தோட்டங்களில் தலைமுறையாகப் பாடுபட்ட அருந்ததியர் மக்கள் அவிநாசியிலிருந்து ராசிபுரம் வரை எல்லா ஊரிலும் இருக்கிறார்கள், ஆனால் சிதறி இருக்கிறார்கள். தனித்தொகுதியில்கூட யாரை நிறுத்துவது என்பதைப் பெரிய கட்சிதான் முடிவு செய்கிறது. சிதறிக் கிடக்கிற ஓட்டை ஒன்றாகக் கூட்டிப் பார்க்கிற முறை வந்தால் முதலில் பலன் பெற வேண்டியவர்கள் அவர்கள்தான். ஐந்து சதவீதம் போல ஒரு குறைந்தபட்ச வரம்பு வைத்தால் உதிரிக் கட்சிகள் குவியாது என்கிறார்கள். அந்த வரம்பு மாநில அளவில் இருந்தால் அவர்கள் குரலே வடிகட்டப்பட்டுவிடும். வட்டார அளவில் எண்ண வேண்டும் என்பது என் கருத்து. பட்டியலைக் கட்சித் தலைமை தன் வீட்டு ஆட்களை வைத்து நிரப்பிவிடும் என்ற பயம் எனக்கும் உண்டு. பட்டியலைத் தேர்தலுக்கு முன்பே வெளியிட்டு, அதில் யாருக்கு என்று வாக்காளரே குறிக்கிற முறை பல நாடுகளில் இருக்கிறது.

2025 பிப்ரவரியில் ஈரோடு கிழக்கு இடைத்தேர்தலை அ.தி.மு.க.வும் பா.ஜ.க.வும் புறக்கணித்தன. முக்கிய எதிர்க்கட்சியே களத்தில் இல்லாத தேர்தல். ஆறாயிரம் பேருக்கு மேல் நோட்டாவில் குத்தினார்கள். அன்று சாயங்காலம் சித்தப்பா டி.வி. முன்னால் உட்கார்ந்து, ‘நமக்குனு பேச ஒருத்தன் வேணுமல்ல கண்ணு, அதுக்குத்தான அன்னிக்கு நாங்க போனோம்’ என்றார். 1996-ல் டெபாசிட் கட்டிய ரசீதை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறார்.

கொங்கு வட்டாரத்துச் சின்னக் கட்சிகளின் தலைவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை தொகுதிப் பங்கீட்டுக்கு உட்காரும்போது ஆறு வேண்டும் எட்டு வேண்டும் என்று கேட்பதோடு, கலப்பு முறையை ஆதரித்து நாடாளுமன்றத்தில் பேசுவோம் என்று பெரிய கட்சியிடம் எழுதி வாங்குங்கள். அந்த 1,033 பேரில் உங்கள் வீட்டில் யாராவது இருந்தால் கீழே எழுதுங்கள். சித்தப்பாவுக்குக் கண் சரியாகத் தெரிவதில்லை, நான் படித்துக் காட்டுகிறேன்.