வளைவு அப்புறம் கட்டலாம், முதலில் மொட்டைமாடிக்கு ஏறிப் பாருங்கள்

மே மாதம் வந்தால் முகநூல் முழுக்க முன்னாள் மாணவர் சந்திப்புப் படங்கள். பார்க்கவே சந்தோஷமாக இருக்கிறது. ஆசிரியர்களுக்குச் சால்வை, குரூப் போட்டோ, சாப்பாடு, அப்புறம் "நம்ம பள்ளிக்கு ஏதாவது செய்வோம்" என்று ஒரு வசூல். வெளிநாட்டில் இருப்பவர்கள், ஊரில் கடை வைத்திருப்பவர்கள் என்று எல்லோரும் தங்களால் ஆனதைப் போடுகிறார்கள். நல்ல மனசு. ஆனால் அந்தப் பணம் பெரும்பாலும் நுழைவு வளைவாகவோ மேடையாகவோ ஸ்மார்ட் போர்டாகவோதான் மாறுகிறது. இது எனக்கு நெடுநாள் ஆதங்கம்.

எங்கள் ஊர் அரசுப் பள்ளியின் மொட்டைமாடியில் ஏறிப் பார்த்தேன். மழைநீர் இறங்கும் குழாயின் வாயை வேப்பஞ்சருகு அடைத்திருந்தது. கைப்பிடிச் சுவர் ஓரத்தில் அரசங்கன்று முழங்கால் உயரத்துக்கு வளர்ந்திருந்தது. ஒரு கட்டடம் கெடுவது இப்படித்தான். தேங்கும் தண்ணீர் தளத்துக்குள் இறங்குகிறது, உள்ளே கம்பி துருப்பிடித்து உப்புகிறது, கீழே வகுப்பறையில் பூச்சு பெயர்ந்து விழுகிறது. மழைக்காலத்துக்கு முன் ஓர் ஆளை விட்டுச் சருகை அள்ளி, கன்றை வேரோடு எடுத்து, விரிசலைப் பூசினால் பெரிய செலவே இல்லை. விட்டுவிட்டால் சில வருடங்களில் அந்த அறையைப் பூட்டிவிடுவார்கள், பிள்ளைகள் மரத்தடிக்குப் போவார்கள்.

2021 டிசம்பரில் நெல்லையில் ஒரு பள்ளியின் கழிப்பறைச் சுவர் இடிந்து மூன்று மாணவர்கள் இறந்தார்கள். அதன் பிறகுதான் மாநிலம் முழுக்கப் பழைய பள்ளிக் கட்டடங்களைக் கணக்கெடுத்து இடிக்கும் வேலை வேகம் பிடித்தது. புதுக் கட்டடங்களுக்காக 2022 பட்ஜெட்டில் பேராசிரியர் அன்பழகன் பெயரில் ஐந்து ஆண்டுகளுக்கு 7,000 கோடி ரூபாயில் திட்டம் அறிவித்தார்கள். கட்டடம் கட்டுவது அரசின் கடமை, அதை நாம் கேட்டு வாங்க வேண்டும். கட்டியதைக் கெடாமல் பார்த்துக்கொள்ளத்தான் உள்ளூரில் ஆள் இல்லை.

கழிப்பறையைப் பாருங்கள். பல இடங்களில் கட்டடம் இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்காது. மோட்டார் இருக்கிறது, காயில் எரிந்து கிடக்கும். கழிப்பறை சரியில்லாத பள்ளியில் பெண் பிள்ளைகள் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே உட்கார்ந்திருக்கிறார்கள். பெற்ற தாய்மாரைக் கேட்டால் சொல்வார்கள். அங்கே தேவைப்படுவது புதுக் கட்டடம் இல்லை, தினமும் கழுவ ஓர் ஆளும் அவருக்கு மாதாமாதம் தவறாமல் கொடுக்க நியாயமான சம்பளமும்தான். ஒரே வருடத்தில் படித்து முடித்த ஒரு செட்டில் ஐம்பது பேர் மாதம் 200 ரூபாய் போட்டால் 10,000 ரூபாய். மேடைக்கு ஒரே தடவையில் கொட்டுவதைவிட இது எவ்வளவோ மேல். என்ன, இதற்குக் கல்வெட்டில் பெயர் வராது. வராவிட்டால் பரவாயில்லை.

ஊரார் பள்ளிக்குக் கொடுப்பது நமக்குப் புதிதும் இல்லை. காமராஜர் ஆட்சியில், நெ.து.சுந்தரவடிவேலு பொதுக்கல்வி இயக்குநராக இருந்தபோது, 1958-ல் கடம்பத்தூரில் தொடங்கிய பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளில் ஊர்மக்கள் நிலமும் பெஞ்சும் கரும்பலகையும் கொடுத்தார்கள். அதில் எனக்கு மிகவும் பிடித்தது, பள்ளிக்கு என்னென்ன தேவை என்று முதலில் பட்டியல் எடுத்துவிட்டு அப்புறம் கேட்டதுதான். நாம் முதலில் வசூலித்துவிட்டு, என்ன வாங்கலாம் என்று வாட்ஸ்அப்பில் விவாதிக்கிறோம்.

பணத்தைத் தனி ஆளிடம் கொடுக்காதீர்கள். தலைமையாசிரியர் கையிலும் திணிக்காதீர்கள், பிறகு கணக்குக் கேள்வி அவர் தலையில் விழும். பெற்றோரும் ஆசிரியர்களும் உறுப்பினராக உள்ள பள்ளி மேலாண்மைக் குழு இருக்கிறது. 2024-ல் அதை மறுபடி அமைத்தபோது முன்னாள் மாணவர்களுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள். அந்தக் கூட்டத்தில் போய் உட்காருங்கள், தீர்மானம் போட்டுச் செலவு செய்யுங்கள், ரசீதை உங்கள் வாட்ஸ்அப் குழுவில் போடுங்கள். சுவரில் கைவைக்கும் வேலை என்றால் துறைப் பொறியாளரைக் கேட்காமல் தொடவே தொடாதீர்கள்.

வடகிழக்குப் பருவமழைக்கு இன்னும் நாள் இருக்கிறது. இந்த வருடம் சந்திப்பு வைத்திருக்கும் செட்டுகள் பந்தலுக்கு முன்பணம் கொடுக்கும் முன் ஒரு கொத்தனாரையும் ஒரு பிளம்பரையும் கூட்டிக்கொண்டு பள்ளிக்குப் போய் வாருங்கள். அவர்கள் எழுதித் தரும் மதிப்பீட்டை வைத்து வசூலைத் தொடங்குங்கள்.