ரெண்டு தையல்தான மதினின்னு இனி யாரும் சொல்லாதீங்க

“சின்ன வேலைதான மதினி, ரெண்டு தையல் ஓட்டித் தாங்க, நின்னு வாங்கிட்டுப் போயிருதேன்.” திருநெல்வேலி டவுன்ல இருந்து வள்ளியூர் வரைக்கும் ஆல்ட்ரேஷன்னு போர்டு தொங்குற எந்தக் கடையிலயும் தினமும் இந்தப் பேச்சுதான். அந்த ரெண்டு தையலைப் போட முன்னால எத்தனை தையலைப் பிரிக்கணும்னு யாராவது யோசிக்காங்களா? தைக்கதுக்குக் காசு குடுப்பாங்க. பிரிக்கதுக்குக் கேட்டா மட்டும் மூஞ்சி சுண்டிப்போகுது. ஆல்ட்ரேஷன்ல முக்கால்வாசி வேலை பிரிக்கதுலதான் இருக்கு. அதுக்கு யாரும் கணக்கு வைக்கதே இல்ல.

ஒரு லைனிங் ஜாக்கெட்டை ஒரு இஞ்சு லூஸ் பண்ணணும்னு வச்சுக்கோங்க. ரெண்டு சைடு, சைடுக்கு முன்துணி பின்துணி, ஆக 4 இடம். இடத்துக்குக் கால் இஞ்சு விட்டா ஒரு இஞ்சு வந்துரும். கேக்கதுக்குச் சின்னதாத்தான் இருக்கும். அந்தக் கால் இஞ்சை எடுக்க எங்கல்லாம் பிரிக்கணும் தெரியுமா? இடுப்புப் பட்டி மடிப்பை ரெண்டு சைடும் ரெண்டு ரெண்டு இஞ்சு பிரிக்கணும். கை நுனி மடிப்பைப் பிரிக்கணும், பைப்பிங் வச்சிருந்தா அதையும் சேத்து. துணி ஓரம் பிரியாம இருக்கப் போட்ட ஓவர்லாக் தையலை எடுக்கணும். பெறகுதான் கை நுனியில ஆரம்பிச்சு அக்குள் வழியா இடுப்பு வரைக்கும் ஓடுற சைடு தையல்லயே கை வைக்க முடியும். அக்குள் முட்டுல துணியும் லைனிங்குமா 8 அடுக்கு ஒண்ணு மேல ஒண்ணு உக்காந்திருக்கும். அங்கன பிளேடை வச்சு ஒரே இழுப்பா இழுத்தா பட்டு இழையும் சேந்து அத்துக்கிட்டு வந்துரும். நாலு தையலுக்கு ஒரு தையலை மட்டும் வெட்டி, மறுபக்கத்து நூலைப் பையப் பைய உருவணும். நூல் துணுக்கை எல்லாம் பொறுக்கி எடுக்கணும். பழைய மடிப்புத் தடத்தை அயர்ன் பண்ணிப் படிய வைக்கணும். பெறகுதான் நீங்க சொல்லுற அந்த ‘ரெண்டு தையல்’. அதுக்கப்புறம் பிரிச்ச பட்டி, கை மடிப்பு, ஓவர்லாக் எல்லாத்தையும் பழையபடி மூடணும். கை பழகினவங்களுக்கே முக்கால் மணி நேரம் ஓடிரும். இதுக்கு 50 ரூபா சொன்னா, “நூல் என்ன வெலை விக்குது?”ன்னு கேக்காங்க. நூலுக்கா காசு கேட்டோம்?

இதுவும் உள்ள துணி இருந்தாத்தான். ஒழுங்காத் தைக்கிற டெய்லர் சைடுக்கு ஒரு இஞ்சாவது துணி விட்டு, உள்ளுக்குள்ள ரெண்டு மூணு தையல் போட்டு வச்சிருப்பாரு. ஒரு தையலைப் பிரிச்சாப் போதும், உடம்பு போட்டாலும் சமாளிக்கலாம். ரெடிமேட் ஜாக்கெட்டைப் பிரிச்சுப் பாருங்க. அரை இஞ்சு இருந்தா அதிசயம். பாதிக்கு மேல ஓவர்லாக் கத்தி தையல் ஓரம் வரைக்கும் சீவித் தள்ளியிருக்கும். விடுறதுக்குத் துணியே இல்ல. அக்குள்ல ஒட்டு வச்சுத்தான் ஆகணும். ஒட்டுக்குத் துணி எங்க? சேலையில உள்ள சொருகுற தலைப்புல நாலு இஞ்சு வெட்டிக்கிடலாமான்னு கேட்டா, சேலையையா வெட்டப் போறீங்கன்னு சண்டைக்கு வாராங்க. ஆயிரக்கணக்குல காசு வாங்கிட்டு உள்ள துணி விடாமத் தைச்சு வித்தவன்கிட்ட ஒரு கேள்வி கிடையாது. ஏச்சு வாங்குறது ஆல்ட்ரேஷன் கடை.

பிரிச்ச இடத்துல பழைய ஊசித் துளை தெரியுதுன்னு அடுத்த பஞ்சாயத்து. பட்டுல ஊசி இறங்கின தடம் போகாது. காட்டன் நனைஞ்சு காஞ்சா ஓரளவு மூடிக்கிடும், பட்டு மூடாது. உள்ள மடிஞ்சு கிடந்த துணி புதுக் கலரா இருக்கும், வெளிய இருந்தது வெளுத்திருக்கும். ரெண்டும் பக்கத்துல வந்தாக் கோடு தெரியத்தான் செய்யும். நம்ம ஊர் வெயிலுக்கு அக்குள்ல வேர்வை குடிச்சுக் குடிச்சுப் பட்டு நைஞ்சு போயிருக்கும். அந்த இடத்தைப் பிரிச்சுத் திரும்ப இழுத்துத் தைச்சா, போட்டுக் கையைத் தூக்கும்போது தையல் நிக்கும், துணி கிழியும். இதெல்லாம் வேலைக்கு எடுக்க முன்னாலயே எடுத்துச் சொல்லுதோம். தலையை ஆட்டிட்டு, வாங்க வரும்போது “துணியக் கெடுத்துட்டீங்களே”ன்னு நிக்காங்க.

ஷோல்டர் இறங்குது, “இன்னா இந்த இடத்துல லேசாப் பிடிச்சு விடுங்க” என்பாங்க. ஷோல்டர்ல பிடிச்சா கைக்குழி சுருங்கும், கை ஏறி இறுக்கும். ரெண்டு கையையும் கழட்டி, ஷோல்டரை வெட்டி, கைக்குழியைத் திரும்பச் சுத்தி எடுத்து, கையை ஏத்தணும். புதுசாத் தைக்கதுல பாதி வேலை அது.

கொக்கி முனை ஊசியால எம்பிராய்டரி போட்ட ஆரி ஜாக்கெட்டுக்கு வருவோம், வயித்தெரிச்சலே இங்கதான். ஆரி ஊசியில போடுற சங்கிலித் தையல் ஒரே நூல்ல ஓடுது. எங்கயாவது ஒரு கண்ணி அத்துட்டா, இழுக்க இழுக்க வரிசை மொத்தமும் உருவிட்டு வந்துரும். அதனால வேலைப்பாட்டு மேல கத்திரி வைக்க முன்னால, வெட்டப்போற கோட்டுக்கு உள்பக்கமா ஒவ்வொரு வரிசையையும் கையூசியால முடிச்சுப் போட்டு நிறுத்தணும். தையல் ஓடப்போற பாதையில பாசி, குழல் மாதிரி இருக்கிற கட் பீட்ஸ், ஜர்தோசிங்கிற சுருள் சரிகைக் கம்பி கிடந்தா ஊசி அது மேல இறங்கிப் படக்குன்னு ஒடியும், முனை கண்ணுல தெறிச்சாலும் தெறிக்கும். பாதையில கிடக்கிற ஒவ்வொரு பாசியையும் குறடால பிடிச்சு, நூல் அறாம நொறுக்கி எடுக்கணும். துணியை அமுக்கிப் பிடிக்கிற சாதாரண ஃபுட் பாசி மேல ஏறி உக்காந்துக்கிட்டுத் தையலை வளைக்கும், ஜிப் தைக்கிற ஒத்தக்கால் ஃபுட்டை மாத்தணும். கை நீளம் குறைக்கணும்னா கீழ வெட்ட முடியாது, பார்டர் வேலை முழுக்க அங்கதான் இருக்கு. மேல கழட்டி, தோள்பட்டை வளைவைப் புதுசா வெட்டித்தான் குறைக்கணும். ஒட்டின ஸ்டோன் மேல சூடு பட்டாப் பசை இளகும், அயர்ன்கூட உள்பக்கமாப் புரட்டித்தான். இவ்வளவையும் முடிச்சுக் குடுத்தா, சாதா ஜாக்கெட் ரேட்டைச் சொல்லிப் பேரம் பேசுதாங்க.

ஆரி போட முன்னால அளவு சரியா இருக்கான்னு கேட்டா “பழைய ஜாக்கெட்டை வச்சுக்கோங்க”ன்னு ஒண்ணைப் போட்டுட்டுப் போறாங்க. அது மூணு வருஷம் துவைச்சு இழுபட்டது, ஊக்குப் பட்டியே அரை இஞ்சு விலகி நிக்கும். துணியை ஸ்டாண்டுல இழுத்துக் கட்டி, டிரேஸ் பேப்பர்ல ஊசியால துளை போட்டு, ஜிங்க் பவுடரை மண்ணெண்ணெய்ல கரைச்சுத் தேச்சு டிசைனை இறக்கின பெறகு, கழுத்து இறக்கம் 9 வேண்டாம் 8 போதும்னு போன் வருது. இறக்கின கழுத்தை எதை வச்சு ஏத்த?

சேலைக் கீழ் ஓரத்துல உள்பக்கமா ஃபால்ஸ் துணி வச்சு அடிக்கதும் சின்ன வேலையாம். ஃபால்ஸ் துணியைத் தண்ணியில முக்கி, நிழல்ல காயப்போட்டு, அயர்ன் பண்ணித்தான் தைக்கணும். கடையில வாங்கினபடியே வச்சுத் தைச்சா முதல் நனைப்புல அது சுருங்கிச் சேலை பார்டரையும் இழுத்துக்கிடும். பட்டுச் சேலைன்னா கையூசி. வெளிய தெரியாம ஒண்ணு ரெண்டு இழையை மட்டும் கோத்து எடுக்கணும். நீளம் ரெண்டரை மீட்டருக்கு மேல. சென்டிமீட்டருக்கு ஒரு தையல்னு வச்சாக்கூட ஒரு ஓரத்துக்கு 250, ரெண்டு ஓரத்துக்கு 500. ஒரு மணி நேரத்துல தாங்கன்னா எப்படித் தர?

ஜீன்ஸ்காரங்க வேற. கீழ ஒரிஜினல் மடிப்பு அப்படியே வேணும்னு கேக்காங்க, நல்லா வரும். 3 இஞ்சு குறைக்கணும்னா ஒரிஜினல் மடிப்புத் தையலுக்குப் பக்கத்துல ஒன்றரை இஞ்சை மடக்கி, மடிப்பை ஒட்டித் தையல் போடணும். சைடு முட்டு வரும் இடத்துல சுத்தியலால தட்டித் தடிமனைக் குறைச்சு, 16 இல்லாட்டி 18 நம்பர் ஊசி போட்டு, ஃபுட் சாயாம இருக்கப் பின்னால துணியை மடிச்சு முட்டுக் குடுத்து ஓட்டணும். ஆனா துவைக்காத புது ஜீன்ஸைக் கொண்டுவந்து குறைக்கச் சொல்லாதீங்க. ரெண்டு நனைப்பு போட்டுட்டு வாங்க. நனைக்காமக் குறைச்சுட்டு, பெறகு சுருங்கிக் கணுக்காலுக்கு மேல ஏறி நின்னா அது எங்க குத்தம் இல்ல.

இதுக்கெல்லாம் மேல ஒரு பேச்சு உண்டு. துண்டுத் துணியில போர்வை, பை, சுவருக்குத் தொங்கவிடுற வேலைப்பாடு செஞ்சு வச்சா, “வெட்டி வீசுற துணிதான, இதுக்கு என்ன இந்த வெலை?” 60க்கு 90 இஞ்சு போர்வைக்கு 5 இஞ்சுக் கட்டம்னா 12க்கு 18, ஆக 216 துண்டு. தையலுக்குச் சுத்திலும் கால் இஞ்சு விட்டு ஒவ்வொண்ணையும் ஐந்தரை இஞ்சு வெட்டணும். துண்டுக்கு அரைக்கால் இஞ்சு, அதாவது எட்டுல ஒரு பங்கு, பிசகினாப் போதும், 18 துண்டு சேரும்போது ரெண்டேகால் இஞ்சு கோணிக்கிட்டு நிக்கும். காட்டனை முன்னாலயே நனைக்கணும், சாயம் போற சிவப்பைத் தனியா ஒதுக்கணும், பாலியஸ்டரை அதோட கலக்கக் கூடாது. பத்தமடைப் பாயில பை தைக்கதும் அப்படித்தான். தையல் நெருக்கமா விழுந்தா ஊசித் துளை வழியா கோரை கிழிஞ்சு கோடாப் பிளந்துரும். 4 மில்லிமீட்டர் தையல் வச்சு, ஓரத்துக்குத் துணிப் பட்டி கட்டி, மடக்குற இடத்தை லேசா ஈரமாக்கித்தான் தைக்கணும். போன்ல எவனோ போட்ட படத்தைக் காட்டி, “இதே மாதிரி 300 ரூபாய்க்கு முடியுமா?”ன்னா முடியாது. தண்டத்துக்கு உக்காந்திருக்கல.

நாள் விஷயத்தையும் சொல்லிருதேன். வைகாசி, ஆவணி முகூர்த்தம், ஜூன்ல ஸ்கூல் யூனிஃபார்ம், மேலப்பாளையத்துல ரம்ஜான், பாளையங்கோட்டையில கிறிஸ்துமஸ், தீபாவளி, எல்லாம் காலண்டர்ல முன்னாலயே இருக்கு. பத்திரிகை அடிச்சு ஊரெல்லாம் குடுத்து முடிச்சவங்க, முகூர்த்தத்துக்கு முந்தின நாள் காலையில ஜாக்கெட்டைத் தூக்கிட்டு வாராங்க. அன்னைக்குப் பாத்துப் பராமரிப்புக்குன்னு 9 மணியில இருந்து 2 மணி வரைக்கும் கரண்ட் கிடையாது. மோட்டார் ஓடாது, அயர்ன் சூடாகாது. குறைஞ்சது 4 நாள் முன்னால குடுங்க. போட்டுப் பாத்து, எங்க பிடிக்கணும் எங்க விடணும்னு குண்டூசி குத்திட்டுப் போங்க. பாதிக் காசு அட்வான்ஸ் குடுங்க. பிரிக்கிற கூலியைத் தனியா எழுதித்தான் ரசீது போடணும், எல்லாக் கடையிலயும் போடணும். பக்கத்துக் கடையில சும்மா பிரிச்சுத் தாராங்கன்னா அங்கனயே குடுங்க. பட்டு கிழிஞ்சு வந்தாத் தச்சுத் தாரதுக்குக் கூலி வேற.

அப்படி அவசரம் அவசரம்னு தொண்டையைப் பிடிச்சு வாங்கின வேலையை வந்து எடுக்கவாவது செய்யுதாங்களா? பாதி வராது. “நாளைக்கு வாரேன்க்கா”ன்னு போன்ல சொன்னது ஆறு மாசம் ஆகுது. கம்பியில தொங்குற ஜாக்கெட்ல சரிகை கறுக்குது, மடிப்புல பூச்சி ஏறுது. அதுக்கும் நாளைக்கு நாங்கதான் பதில் சொல்லணும். துணியைக் குடுத்து ஒரு மாசத்துக்கு மேல ஆனவங்க, ரசீதையும் மீதிக் காசையும் கொண்டுவந்து இந்த வாரத்துக்குள்ள எடுத்துட்டுப் போங்க.