‘தேவைப்பட்டால் சொல்’ என்று சொல்வதை நான் நிறுத்திவிட்டேன்

நோயுற்றிருக்கும் நண்பரிடம் நாம் எல்லோரும் சொல்லிவிட்டு நகர்ந்துவிடும் ஒரு வாக்கியம் உண்டு: “ஏதாவது தேவைப்பட்டால் தயங்காமல் சொல்.” அன்போடுதான் சொல்கிறோம், அதில் பொய் ஏதும் இல்லை. ஆனால் அந்த வாக்கியம் படுத்திருப்பவரின் தலையில் மேலும் ஒரு சுமையை ஏற்றுகிறது என்பதை 2020ஆம் ஆண்டுக்கு முன்பு நான் யோசித்ததே இல்லை. தனக்கு என்ன தேவை என்று கண்டறிவதையும், அதை யாரிடம் கேட்கலாம் என்று முடிவு செய்வதையும், கேட்பதற்கான கூச்சத்தை வெல்வதையும் காய்ச்சலில் கிடப்பவரின் பொறுப்பாகவே விட்டுவிட்டு, நாம் நிம்மதியாகக் கைபேசியைக் கீழே வைத்துவிடுகிறோம். பெருந்தொற்றுக் காலத்தில் எங்கள் நால்வருக்குள் நடந்தவற்றை இப்போது நினைத்துப் பார்க்கும்போது, எங்களைத் தாங்கியது பாசம் மட்டும் அல்ல, இன்ன நேரத்தில் இன்னார் இன்ன வேலையைச் செய்வார் என்ற ஏற்பாடுதான் என்று எனக்கு உறுதியாகத் தோன்றுகிறது.

நாங்கள் நால்வரும் கல்லூரிக் காலத்திலிருந்து நண்பர்கள். அப்போது நான்கு வெவ்வேறு ஊர்களில் இருந்தோம், எங்களில் நானும் இன்னொருவனும் தனியாக வசித்துவந்தோம். எனக்குச் சிறுவயது முதல் ஆஸ்துமா, அவனுக்குச் சர்க்கரை நோய். உலக சுகாதார நிறுவனம் 2020 மார்ச் 11 அன்று கோவிட்டைப் பெருந்தொற்று என்று குறிப்பிட்ட நாள்களில் எங்கும் ஒலித்த சொல் ‘சமூக இடைவெளி’. அதே மாதத்தில் அந்த நிறுவனமே ‘உடல் இடைவெளி’ என்ற சொல்லுக்கு மாறியது. உடல்கள் விலகியிருந்தால் போதும், மனிதர்கள் தொடர்பு அறுந்து போய்விடக் கூடாது என்பதுதான் அதற்கு அவர்கள் சொன்ன காரணம். அந்தத் திருத்தம் பெரும்பாலானவர்களின் காதுக்கு எட்டவே இல்லை. பழைய சொல்லே நிலைத்தது, பலர் அந்தச் சொல்லின்படியே வாழவும் நேர்ந்தது.

தொடக்கத்தில் நாங்களும் எல்லோரையும் போலத்தான் இருந்தோம். வாட்ஸ்அப் குழுவில் காலையில் ஒருவர் “நலமா?” என்று கேட்பார், மற்ற மூவரும் “நலம்” என்று எழுதுவோம். வந்து குவியும் செய்திகளைப் பகிர்ந்துகொள்வோம். சர்க்கரை நோயுள்ள அந்த நண்பனுக்குத் தொற்று உறுதியான பிறகும் மூன்று நாள்கள் இப்படியே போயின, அவனும் தவறாமல் “நலம்” என்று எழுதிக்கொண்டிருந்தான். நான்காம் நாள், எங்களில் ஆசிரியையாக இருக்கும் தோழி ஏதோ மனம் கேட்காமல் அவனை அழைத்திருக்கிறாள். ஒரே வாக்கியத்தைச் சொல்லி முடிப்பதற்குள் அவன் இரண்டு முறை நிறுத்தி மூச்சு வாங்கியதை அவள் கேட்டாள். எழுத்தில் மூச்சிரைப்பு தெரியாது. தட்டச்சு செய்த ‘நலம்’ என்ற சொல்லுக்கும் அவனுடைய நுரையீரலுக்கும் எந்தத் தொடர்பும் இருக்கவில்லை என்பதை நாங்கள் அன்றுதான் உணர்ந்தோம்.

அன்று இரவு ஒன்பது மணிக்கு நால்வரும் காணொளி அழைப்பில் கூடினோம். அவனிடம் ஆக்சிமீட்டர் இருந்தது, விரலில் மாட்டினால் இரத்தத்தில் உள்ள ஆக்சிஜன் அளவை விழுக்காட்டில் காட்டும் சிறு கருவி. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தோழி பொறுமையாகச் சொல்லிக்கொடுத்தாள்: முதலில் ஐந்து நிமிடம் பேசாமல் உட்கார வேண்டும், கைகளைத் தேய்த்து விரல்களைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும், கருவியை மாட்டியவுடன் வரும் எண்ணை நம்பாமல் அது ஓரிடத்தில் நிலைகொள்ளும் வரை காத்திருக்க வேண்டும். அவன் விரலைத் திரைக்கு நேராக நீட்டினான். சிவப்பு எண்கள் கண்கூசும்படி மின்னின. 96 என்றது, 95 என்றது, பிறகு 93இல் நின்றுவிட்டது. யாரும் பேசவில்லை. அவன் மட்டும், “எனக்கு ஒன்றும் அவ்வளவு மூச்சு முட்டவில்லையே” என்றான். கோவிட்டில் சிலருக்கு இரத்தத்தில் ஆக்சிஜன் கணிசமாகக் குறைந்த பிறகும் திணறல் உறைக்காமல் போனதை மருத்துவர்கள் அப்போது திகைப்போடு பேசிக்கொண்டிருந்தார்கள். அவனுடைய மருத்துவர் 94க்குக் கீழே இறங்கினால் உடனே அழைக்கச் சொல்லியிருந்தார். கணக்குத் துறையில் இருக்கும் நண்பன் அந்த நொடியிலேயே, “தொலைபேசி வேலைகள் அனைத்தும் என்னுடையவை, நீ யாரையும் அழைக்க வேண்டாம்” என்றான். ஒரு மருத்துவமனையின் எண்ணில் மணி அடித்துக்கொண்டே இருந்தது, மற்றொன்றில் திரும்ப அழைப்பதாகச் சொல்லிவிட்டு அழைக்கவே இல்லை. நள்ளிரவு தாண்டி வேறோரிடத்தில் படுக்கை கிடைத்தது. அத்தனை அழைப்புகளையும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்த அவன் ஒருவனே செய்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று இப்போது எண்ணினாலும் எனக்கு நெஞ்சு பதைக்கிறது.

பிற்பாடு, அதே ஆண்டு டிசம்பரில் அமெரிக்க மருத்துவ ஆய்விதழ் ஒன்றில் வெளியான ஆய்வைப் பற்றிப் படித்தேன். கறுப்பின நோயாளிகளிடம், உண்மையில் ஆக்சிஜன் குறைந்திருந்தும் ஆக்சிமீட்டர் அதைக் காட்டாமல் விட்ட நிகழ்வுகள் வெள்ளையர்களைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு இருந்தனவாம். தோலின் நிறமி கருவியின் ஒளி அளவீட்டைப் பாதிக்கிறது என்பதே காரணமாகக் கருதப்படுகிறது. கருநிறத் தோல் கொண்ட எவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி இது. எண்ணை மட்டும் நம்பாமல் அவன் பேச்சையும் கவனித்த தோழியின் மீது எனக்கிருந்த மதிப்பு அன்று இன்னும் கூடியது.

அவன் வீடு திரும்பிய பிறகு வேலைகளைப் பிரித்துக்கொண்டோம். நான் ஒரு நோட்டுப் புத்தகத்தில் கட்டம் போட்டேன். நேரம், காய்ச்சல், ஆக்சிஜன், நாடித் துடிப்பு, சர்க்கரை அளவு, கடைசியாகப் ‘பேச்சு’ என்று ஒரு பத்தி. ஒரே மூச்சில் வாக்கியத்தை முடித்தானா இல்லையா என்பதை அந்தக் கடைசிப் பத்தியில் குறித்துவைப்பேன். அவன் மருத்துவருடன் பேசும்போதெல்லாம் அந்தப் பக்கத்தைப் படமெடுத்து அவனுக்கு அனுப்பிவிடுவேன். எதையும் நினைவு வைத்துக்கொள்ளும் வேலை அவனுக்கு இல்லை என்பதே அவனுக்குப் பெரிய ஆறுதலாக இருந்ததாக அவனே சொன்னான்.

ஆனால் ஒரு வாரத்தில் நாங்கள் அவனைக் காயப்படுத்திவிட்டோம். அழைப்பு முழுவதும் எண்களையே கேட்டுக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அவன், “நான் உங்களுக்கு நோயாளியாக மட்டும்தான் தெரிகிறேனா?” என்று கேட்டுவிட்டுத் திரையை அணைத்துவிட்டான். அவன் கேட்டது முற்றிலும் நியாயமானது. அன்றிலிருந்து முதல் ஐந்து நிமிடம் மட்டுமே எண்களுக்கு, அதற்குப் பிறகு நோயைப் பற்றி யாரும் வாய் திறக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டோம். எங்கள் பயத்தை அவன் முன்னால் கொட்டுவதையும் நிறுத்தினோம். பயம் எங்களுக்கு இல்லாமல் இல்லை, அதை நாங்கள் மூவரும் தனியே பேசிக்கொண்டோம். நோயாளியிடமே நம் பயத்தைச் சொல்லி அழுதால், அவர் தன் வலியோடு நம்மையும் தேற்ற வேண்டியதாகிறது.

பேச்சே இல்லாத துணையும் இருந்தது. கணக்குத் துறை நண்பனின் தாயார் தொலைவில் இறந்தபோது அவனால் போக முடியவில்லை. அவனுக்கு என்ன ஆறுதல் சொல்வது என்று எங்களுக்கு விளங்கவில்லை. அழைப்பைத் துண்டிக்காமல் விடியும்வரை அப்படியே வைத்திருந்தோம். ஒருத்தி விடைத்தாள் திருத்தினாள், நான் துணி மடித்தேன், அவன் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். அதைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு மனம் இல்லை.

தொற்று தணிந்த பிறகுதான் கடினமான பகுதி தொடங்கியது. தொற்றுக்கு ஆளான நண்பன் குணமாகிவிட்டான் என்று எல்லோரும் முடிவு செய்துவிட்டார்கள், அவன் உடல் அப்படிச் சொல்லவில்லை. ஒரு நாள் சற்று நலமாக இருப்பதாக நம்பி வீட்டைச் சுத்தம் செய்தால், அதற்கு மறுநாளோ அடுத்த நாளோ எழுந்திருக்கவே முடியாமல் போனது. ‘நீண்டகாலக் கோவிட்’ என்ற பெயரை இந்த நிலைக்கு முதலில் வைத்தவர் மருத்துவர் அல்லர். இத்தாலியைச் சேர்ந்த எலிசா பெரேகோ என்னும் தொல்லியல் அறிஞர், தானும் அவதிப்பட்டுக்கொண்டே, 2020 மே மாதம் ட்விட்டரில் அந்தச் சொல்லைப் பயன்படுத்தினார். ஒருவரையொருவர் நேரில் அறியாத நோயாளிகள் அந்தச் சொல்லைப் பிடித்துக்கொண்டு ஒன்றுசேர்ந்தார்கள். உலக சுகாதார நிறுவனம் இதற்கு முறையான வரையறை வெளியிட்டது 2021 அக்டோபரில்தான். இடைப்பட்ட ஒன்றரை ஆண்டில் “பார்த்தால் நன்றாகத்தானே இருக்கிறாய்?” என்ற கேள்வியை எத்தனை பேர் எத்தனை முறை விழுங்கியிருப்பார்கள்! நாங்கள் கற்றுக்கொண்டது, அழைப்பைப் பத்து நிமிடத்தில் முடித்துக்கொள்வது. அவன் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கும்போதே நாங்கள் முந்திக்கொண்டு விடைபெற வேண்டும், ஏனென்றால் அந்த மகிழ்ச்சிக்கும் அவன் உடல் மறுநாள் விலை கொடுக்க வேண்டியிருந்தது. 2023 மே 5 அன்று உலகளாவிய நெருக்கடி நிலை முடிவுக்கு வந்ததாக அறிவிப்பு வந்தபோதும் அவனால் மூன்று மாடி ஏற முடியவில்லை.

நட்பு இத்தனை வேலை செய்கிறது, ஆனால் எந்த மருத்துவமனைப் படிவத்திலும் அதற்கு இடம் இல்லை. உறவுமுறை என்ற கட்டத்தில் ‘நண்பர்’ என்று எழுதினால் அடுத்த கேள்வி, “குடும்பத்தினர் யாரும் இல்லையா?” என்பதுதான். இதை நான் வன்மையாக எதிர்க்கிறேன். ஜூலியான் ஹோல்ட்-லன்ஸ்டாட்டும் அவருடைய சக ஆய்வாளர்களும் 148 ஆய்வுகளைத் தொகுத்து, மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்களின் தரவுகளை ஆராய்ந்து, வலுவான சமூக உறவுகள் உடையவர்கள் உயிரோடு இருக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு அதிகம் என்று 2010இல் வெளியிட்டார்கள். அவர்கள் கணக்கிட்ட உறவுகள் இரத்த உறவுகள் மட்டும் அல்ல. தனியாக வாழ்பவர் தனக்காகப் பேச ஒரு நண்பரை முன்கூட்டியே எழுதிவைக்கவும், மருத்துவமனைகள் அதைக் கேள்வியின்றி ஏற்கவும் வழி இருக்க வேண்டும்.

இதைப் படிக்கும் பலருக்கு, நெடுநாள் பேசாத, உடல்நலம் குன்றிய ஒரு நண்பரின் முகம் நினைவுக்கு வரலாம், இத்தனை நாள் கழித்து எப்படி அழைப்பது என்ற தயக்கமும் கூடவே வரலாம். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி என்ற இரு ஆய்வாளர்கள் 2021இல் வெளியிட்ட ஆய்வில், பழைய நண்பரை அழைத்துப் பேசுவது எழுதுவதைவிடச் சங்கடமாக இருக்கும் என்று எதிர்பார்த்தவர்கள், பேசிய பிறகு அப்படிச் சங்கடம் ஏதும் கூடவில்லை என்றும் நெருக்கம் மட்டும் கூடியது என்றும் உணர்ந்திருக்கிறார்கள். அழைக்கும்போது, என்ன வேண்டும் என்று கேட்காதீர்கள். “செவ்வாய்க்கிழமை மருந்துச் சீட்டை நான் புதுப்பித்து வைக்கிறேன், வேண்டாம் என்றால் மட்டும் சொல்” என்று சொல்லிப் பாருங்கள். மறுப்பதற்கு ஒரு சொல் போதும், கேட்பதற்குத்தான் இல்லாத தெம்பெல்லாம் தேவைப்படுகிறது.

சென்ற மாதம் எனக்கு நுரையீரல் ஸ்கேன் எடுத்தார்கள். குழுவில் யாரிடமும் நான் எதுவும் கேட்கவில்லை. அவன்தான், இன்னமும் மாடி ஏறினால் நின்று நின்று மூச்சு வாங்குகிறவன், “அறிக்கை எத்தனை மணிக்கு வரும்?” என்று மட்டும் கேட்டான். நான்கு மணி என்றேன். நான்கு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கைபேசி ஒலித்தது. எடுத்தேன். “திற, நான் இருக்கிறேன்” என்றான், ஒரே மூச்சில்.