மூன்று மாத ஜாப் ஹிஸ்டரி கேட்கிறார்கள், இருபது மணி நேரத்துப் பதிவுதான் இருக்கிறது!

நேற்று மதியம் ஒரு மின்னஞ்சல். "அந்த டேட்டா லோட் ஜாப் கடந்த மூணு மாசத்துல எத்தனை தடவை லேட் ஆச்சு, எத்தனை தடவை ஃபெயில் ஆச்சுன்னு எக்செல்ல போட்டு சாயங்காலத்துக்குள்ள அனுப்பிடுங்க." அவ்வளவுதான். கேட்டவர் மேல் எனக்குக் கோபமே இல்லை. நியாயமான கேள்வி. ஜாப் என்பது சர்வர் குறித்த நேரத்தில் தானாக ஓட்டும் வேலை. மணிக்கு ஒரு முறை ஒரு வேலை ஓடுகிறது என்றால், அது எப்போது தொடங்கியது, எப்போது முடிந்தது, எப்படி முடிந்தது என்பதை எங்காவது எழுதி வைத்திருப்பார்கள் என்றுதானே யாரும் நினைப்பார்கள்? எழுதி வைக்கவில்லை. என் வயிறு எரிவது அதற்குத்தான்.

ஹிஸ்டரியைத் திறந்தேன். இருபது ரன், அதாவது இருபது தடவை ஓடிய பதிவு. அதற்கு முன்னால் ஒன்றும் இல்லை.

ஏன் என்று எனக்குத் தெரியும், அதனால்தான் இன்னும் ஆத்திரம். எஸ்கியூஎல் சர்வர் டேட்டாபேஸில் ஜாப்களை ஓட்டும் பகுதியான ஏஜென்ட், தன் ஜாப் ஹிஸ்டரியில் மொத்தம் 1000 வரி, ஒரு ஜாபுக்கு 100 வரி வைத்துக்கொள்ளும். யாரும் மாற்றாதவரை அதுதான் அளவு. ஜாபின் ஒவ்வொரு படிக்கும் ஒரு வரி, கடைசியில் மொத்த முடிவுக்கு ஒரு வரி. நான்கு படி உள்ள ஜாப் ஒரு தடவை ஓடினால் ஐந்து வரி போச்சு. நூறு வரிக்குள் இருபது ரன்தான் அடங்கும். மணிக்கு ஒரு முறை ஓடும் ஜாபுக்கு இருபது மணி நேரம், ஒரு முழு நாள்கூட இல்லை.

மாதக் கடைசியில் ஒரே ஒரு தடவை ஓடுகிற ஜாபின் கதி இதைவிட மோசம். ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை ஓடும் சில்லறை ஜாப்கள் பத்து இருந்தாலே அந்த 1000 வரியையும் அவை நிரப்பிவிடும். நிரம்பினால் பழைய வரிதான் முதலில் அழியும். ஆக, எந்த ஜாப் நின்றால் ஆபீஸே நிற்குமோ அதன் தடயம்தான் முதலில் போகிறது. "ஜாப் உயிரோடு இருக்கிறதா" என்று பார்க்கும் வெற்று ஜாபின் வரிகள் மட்டும் பத்திரமாக இருக்கின்றன. இரண்டு எண்ணைத் திருத்தினால் தீர்ந்தது, ஒரு நிமிட வேலை. திருத்தும் அனுமதி என்னிடம் இல்லை, டேட்டாபேஸ் டீமிடம் இருக்கிறது. போன வருடமே டிக்கெட் போட்டுவிட்டேன். குறைந்த முன்னுரிமை என்று குறித்து வைத்தார்கள்.

சரி, இருக்கிற இருபதையாவது எடுத்து அனுப்புவோம் என்று அட்டவணையை எக்ஸ்போர்ட் செய்தால் அங்கே அடுத்த வேதனை. தேதி ஒரு முழு எண். நேரம் ஒரு முழு எண். ஓடி முடிக்க எடுத்த நேரமும் ஒரு முழு எண். நேரங்களில் மணி, நிமிடம், வினாடி மூன்றும் ஒட்டியே இருக்கும். நள்ளிரவு தாண்டி ஐந்து நிமிடம் என்றால் அங்கே 500 என்று இருக்கும். ஒரு மணி, இருபத்து மூன்று நிமிடம், நாற்பத்தைந்து வினாடி என்றால் 12345. ஐம்பத்தொன்பது நிமிடம் ஐம்பத்தொன்பது வினாடி ஓடிய ரன் 5959. அதற்கு மேல் ஒரே ஒரு வினாடி ஓடினால் 10000! இது தெரியாமல் இந்த நெடுவரிசைக்கு எக்செல்லில் சராசரி போட்டு, வரைபடம் வரைந்து, மீட்டிங்கில் காட்டியிருக்கிறார்கள். வரைபடத்தில் திடீரென்று ஒரு மலை. "இந்தத் தேதியில என்ன ஆச்சு?" என்று விளக்கம் கேட்டு என்னிடம் வந்தது. ஒன்றும் ஆகவில்லை, ஒரு வினாடி கூடுதலாக ஓடியிருக்கிறது. அதை நிரூபிக்க எனக்கு அரை நாள் போயிற்று.

லினக்ஸ் பக்கம் போனால் நிம்மதி என்று நினைக்காதீர்கள். அங்கே குறித்த நேரத்தில் ஜாப் ஓட்டுவது கிரான். "கிரான் லாக்ல இருக்குமே, எடுத்துக் குடுங்க" என்று எவ்வளவு சுலபமாகச் சொல்கிறார்கள்! வழக்கமான அமைப்பில் கிரான் லாகில் இருப்பது இந்த நேரத்தில், இந்தப் பயனர் பெயரில், இந்தக் கட்டளையைத் தொடங்கினேன் என்ற ஒரு வரிதான். எந்த எக்ஸிட் கோடோடு (0 என்றால் வெற்றி, வேறு எண் என்றால் தோல்வி) முடிந்தது என்று அதில் கிடையாது. ஸ்கிரிப்ட் எதையாவது அச்சிட்டால் கிரான் அதை மெயிலில் அனுப்பும். மெயில் அனுப்பும் மென்பொருளே இல்லாத சர்வர் என்றால் அதுவும் போச்சு. இதற்கெல்லாம் மேல், ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் மெயில் தொல்லை வேண்டாம் என்று வரியின் கடைசியில் சாதாரண வெளியீடு, பிழைச் செய்தி இரண்டையும் சேர்த்து எதைப் போட்டாலும் மறைந்துவிடும் டெவ்-நல்லுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அந்த ஒரு துண்டைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு ரத்தம் கொதிக்கிறது. அது அழிப்பது தொல்லையை இல்லை, ராத்திரி இரண்டு மணிக்கு எழுப்பப்படும் ஒருவருக்குக் கிடைக்க வேண்டிய ஒரே துப்பை!

மெயில் போகிறது என்பதும் போதாது. 2017 ஜனவரி 31 அன்று, நிரல் கோப்புகளைச் சேமித்து வைக்கும் சேவையான கிட்லேபில் முதன்மை டேட்டாபேஸின் தரவு தவறுதலாக அழிக்கப்பட்டது. பேக்கப்பைத் தேடிப் போனால் அது இருக்க வேண்டிய இடம் காலி. டேட்டாபேஸ் போஸ்ட்கிரஸ் 9.6, பேக்கப் எடுக்கும் கருவி 9.2, பதிப்பு பொருந்தாததால் பேக்கப் ஜாப் பிழையோடு நின்றுகொண்டே இருந்திருக்கிறது. கிரான் அதைச் சொல்லி மெயிலும் அனுப்பியிருக்கிறது. அந்த மெயில்களுக்கு, அனுப்புநரைச் சரிபார்க்கும் டிமார்க் அமைப்பு சரியாக இல்லாததால் பெறும் பக்கமே அவற்றை நிராகரித்துவிட்டது, யார் கண்ணிலும் படவில்லை. சுமார் ஆறு மணி நேரத் தரவு போயிற்று. இதை மறைக்காமல் அவர்களே விலாவாரியாக எழுதி வெளியிட்டார்கள், அதற்காக எனக்கு அவர்கள் மேல் மரியாதை உண்டு. ஆனால் அதைப் படித்துவிட்டு எத்தனை இடத்தில் ரன் முடிவை ஒரு அட்டவணையில் பதிய ஆரம்பித்தார்கள்? நான் வேலை பார்த்த எந்த இடத்திலும் இல்லை.

எக்ஸிட் கோடைப் பதிந்தாலும் அது உண்மை சொல்ல வேண்டுமே. டம்ப் (டேட்டாபேஸின் நகல்) எடுத்து, பைப் போட்டு அடுத்த கட்டளைக்கு அனுப்பி, ஜிஜிப்பில் சுருக்குகிற அந்த ஒற்றை வரி இந்தத் துறையில் எல்லோருக்கும் பழக்கம். அங்கே கட்டளைகளை இயக்கும் ஷெல் திருப்பித் தருவது கடைசிக் கட்டளையின் கோடை. டம்ப் பாதியில் செத்துவிட்டாலும் ஜிஜிப் வந்ததைச் சுருக்கிவிட்டு 0 சொல்லும். பேஷ் என்ற ஷெல்லில், இடையில் எது தோற்றாலும் தோல்வி என்று சொல்லவைக்கும் பைப்ஃபெயில் என்று ஒரு அமைப்பு இருக்கிறது, ஸ்கிரிப்டின் தலையில் ஒரு வரி சேர்த்தால் போதும். சேர்க்கமாட்டார்கள். இந்த ஒரு விஷயத்துக்காக நான் வருடக்கணக்காகக் கத்துகிறேன்.

கிளஸ்டர் (ஒன்றாக வேலை செய்யும் பல சர்வர்கள்) நிர்வாகம் செய்கிறவர்களுக்கு, அங்கே ஜாப்களை ஓட்டும் ஸ்லர்மில் நிலைமை பரவாயில்லை, அதை ஒப்புக்கொள்கிறேன். அக்கவுண்டிங் டேட்டாபேஸ் வைத்திருந்தால் ஜாபின் நிலை, நேரம், மெமரி, எக்ஸிட் கோட், ஜாபைக் கொன்ற சிக்னல் எல்லாம் பதிவாகும். ஆனால் அதை வெளியே எடுக்கும்போது கவனம் சிதறினால் தொலைந்தோம். அந்தப் பதிவை எடுக்கும் எஸ்ஆக்ட் கட்டளைக்குத் தேதி கொடுக்காவிட்டால் இன்று நள்ளிரவிலிருந்து நடந்ததைத்தான் காட்டும். நீளமான ஜாப் பெயரை வெட்டிவிட்டு ஓரத்தில் ஒரு கூட்டல் குறி போடும். அதை அப்படியே காப்பி செய்து எக்செல்லில் ஒட்டி ரிப்போர்ட் என்று அனுப்புகிறார்கள். ஒரே மாதிரி தொடங்கும் நாற்பது ஜாப்கள் ஒரே பெயராகிவிடுகின்றன. குழாய்க் குறியால் பிரித்துக் கொடுக்கிற வடிவம் அதே கட்டளையில் இருக்கிறது, அதில் எதுவும் வெட்டுப்படாது. அதிகபட்ச மெமரி ஜாபின் முதன்மை வரியில் இருக்காது, அதன் ஸ்கிரிப்ட் ஓடும் பேட்ச் ஸ்டெப்பின் வரியில் இருக்கும். "எதுக்கு இத்தனை வரி" என்று ஸ்டெப் வரிகளை வடிகட்டியவர்கள், மெமரி நெடுவரிசை முழுக்கக் காலி என்று என்னிடம் புகார் சொன்னார்கள். அந்த அளவும் இயல்பாக 30 வினாடிக்கு ஒரு முறை அளந்து எடுத்ததுதான். நடுவில் இரண்டு வினாடி மெமரி எகிறி ஜாப் கொல்லப்பட்டால், பதிவில் சாதுவான ஒரு எண் இருக்கும். அதைக் காட்டி "மெமரி பத்தாமத்தான் செத்துச்சுன்னு எப்படிச் சொல்றீங்க?" என்று வாதம் வேறு.

பல சர்வர்களில் நிரல்களை ஓட்டும் குபர்நெட்டீஸில், கிரான்ஜாப் இயல்பாக வைத்துக்கொள்ளும் அளவு வெற்றி பெற்ற ஜாப் 3, தோற்ற ஜாப் 1. தோற்றதில் ஒன்று! இரண்டாவது தடவை தோற்றால் முதல் தோல்வியின் பாட் (அந்த ஜாபின் நிரல் இயங்கிய கூடு) போய்விடும், லாகை வேறெங்கும் சேர்க்காவிட்டால் அதுவும் கூடவே போய்விடும். விண்டோஸ் டாஸ்க் ஷெட்யூலரில் பல சமயம் ஹிஸ்டரியே அணைத்துவைக்கப்பட்டிருக்கும், நாம்தான் போய் இயக்க வேண்டும். அங்கே எக்ஸ்போர்ட் என்று ஒரு பொத்தான் இருக்கிறதே, அதை அழுத்தினால் வருவது டாஸ்க்கின் வரையறை. ஓடிய விவரம் ஒரு வரிகூட அதில் வராது. ஆடிட்டுக்கு அந்த எக்ஸ்எம்எல் கோப்பைக் கொடுத்துவிட்டு வேலை முடிந்தது என்று உட்கார்ந்திருந்த ஒருவரை எனக்குத் தெரியும். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

இதெல்லாம் முடியாத காரியமா என்றால், இல்லவே இல்லை. பெரிய நிறுவனங்களின் மெயின்ஃபிரேம் கணினியில், நடப்பதைக் குறித்துவைக்கும் எஸ்எம்எஃப் பதிவு என்று பல பத்தாண்டுகளாக இருக்கிறது. வகை 30 என்பது ஜாபுக்கானது: தொடங்கும்போது ஒரு பதிவு, நடுவில் இடைவெளி விட்டு விட்டுப் பதிவு, ஒவ்வொரு ஸ்டெப் முடியும்போதும் ஒன்று, ஜாப் முடியும்போது ஒன்று. சிபியு நேரம், முடிவுக் கோட் எல்லாம் அதில் உண்டு. மெயின்ஃபிரேமில் வேலை பார்த்த ஒரு சீனியர் அண்ணனிடம் நான் என் சங்கடத்தைச் சொன்னபோது அவருக்கு முதலில் புரியவே இல்லை. "ஜாப் ஓடினா ரெக்கார்டு இருக்குமேப்பா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார்.

நான் கேட்பது ஒரு ரன்னுக்கு ஒரு வரி. ஜாப் பெயர், ரன் எண், எந்த சர்வர், எந்தப் பயனர். ஓட வேண்டிய நேரம், உண்மையில் தொடங்கிய நேரம், முடிந்த நேரம். எக்ஸிட் கோட், கொல்லப்பட்டிருந்தால் எந்த சிக்னல், எத்தனையாவது முயற்சி. எத்தனை ரெக்கார்டு கையாண்டது, முழு லாக் எங்கே இருக்கிறது. இதில் இரண்டு விஷயத்தை விட்டுக்கொடுக்கவே மாட்டேன். ஒன்று, தொடங்கும்போதே வரியை எழுத வேண்டும். முடிந்த பிறகு எழுதலாம் என்று விட்டால், உடனே கொல்லும் சிக்னல் 9 வாங்கிச் செத்த ஜாபும், சர்வர் மின்சாரம் போய்ச் செத்த ஜாபும் எதையும் எழுதாமல் போய்விடும். நமக்கு அதிகம் வேண்டியது அந்த ஜாப்களின் கதைதான். இன்னொன்று, ரெக்கார்டு எண்ணிக்கை. உள்ளே வந்த கோப்பு காலியாக இருந்ததால் 0 ரெக்கார்டு கையாண்டு, 0 எக்ஸிட் கோடோடு, பச்சை டிக்கோடு ஒன்பது நாள் ஓடிய ஒரு ஜாபை நான் பார்த்திருக்கிறேன். டாஷ்போர்டில் எல்லாம் பச்சை. பத்தாம் நாள்தான் ஒருவர் "டேட்டா பழசா இருக்கே" என்றார்.

ஓடவே ஓடாத ஜாபுக்கு எந்த லாகிலும் வரி இருக்காது. ஓட வேண்டிய நேரம் என்று ஒன்றைப் பதிந்து வைத்தால்தான் இந்த நேரத்துக்கு வரியே இல்லையே என்று எந்த நிரலாவது கண்டுபிடிக்கும்.

எக்ஸ்போர்ட் என்று வரும்போது நேரத்தை மண்டல வித்தியாசத்தோடு எழுதுங்கள், கையெடுத்துக் கும்பிடுகிறேன். ஒரு சர்வர் யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில், ஒன்று உள்ளூர் நேரத்தில், இரண்டையும் ஒரே ஷீட்டில் ஒட்டினால் தொடங்குவதற்கு முன்பே முடிந்த ஜாப்கள் கிடைக்கும். கோடைக்காலத்துக்குக் கடிகாரத்தை மாற்றும் நாடுகளில் சர்வர் இருந்தால், பின்னோக்கி வைக்கும் ராத்திரியில் அதே மணி இரண்டு தடவை வரும். பிழைச் செய்தியை மேற்கோள் குறிக்குள் போடுங்கள். அதற்குள் ஒரு காற்புள்ளியோ வரி முறிவோ இருந்தால் காற்புள்ளியால் பிரிக்கும் சிஎஸ்வி கோப்பு அந்த இடத்திலிருந்து சிதறிவிடும், பிழைச் செய்தி என்றாலே அவை இருக்கும். 000417 என்ற ஜாப் எண்ணை எக்செல் 417 ஆக்கிவிடும். அதை நெடுவரிசையின் வகையை உரை என்று குறித்து உள்ளே கொண்டுவர வேண்டும், இரட்டைக் கிளிக் செய்து திறக்கக் கூடாது. இதைச் சொன்னால் "சின்ன விஷயத்துக்கு இவ்வளவா?" என்கிறார்கள். அந்தச் சின்ன விஷயத்தால் தவறான ஜாபைத் திரும்ப ஓட்டி, ஒரே நாள் தரவு இரண்டு தடவை ஏறி, அதைச் சுத்தம் செய்ய இரண்டு ராத்திரி உட்கார்ந்தது நான்.

சாயங்காலம் அந்த இருபது ரன்னையும், அதற்கு மேல் ஏன் இல்லை என்பதையும் எழுதி அனுப்பினேன். ஹிஸ்டரி வரிகளை இருபது மணி நேரம் ஆவதற்குள் படித்துத் தனி அட்டவணையில் சேர்க்கும் ஒரு ஸ்கிரிப்டையும் எழுதி, அனுமதி கேட்டு இணைத்திருக்கிறேன். ராத்திரி பதில் வந்தது: "ஓகே, கிடைச்ச வரைக்கும் போதும், மீதி மூணு மாசத்தை பழைய மெயில்ல தேடி ஃபில் பண்ணுங்க." டிக்கெட்டைத் திறந்து பார்த்தேன். இன்னும் குறைந்த முன்னுரிமைதான். மாதக் கடைசி ஜாப் ஓட இன்னும் ஆறு நாள் இருக்கிறது, போன மாதம் அது எவ்வளவு நேரம் ஓடியது என்ற வரி ஏற்கனவே அழிந்துவிட்டது.