‘ஜஸ்டிஸ் லீக்’ இரண்டு பதிப்புகளும் ஒன்றல்ல

பேட்மேன் போன்ற சாகச நாயகர்கள் ஒன்றுசேரும் ‘ஜஸ்டிஸ் லீக்’ படத்தின் 2021ஆம் ஆண்டுப் பதிப்பு, 2017இல் திரையரங்கில் பார்த்த அதே படத்தை நீட்டியதுதான், ஆகவே குறைகள் அனைத்தும் இயக்குநர் சாக் ஸ்னைடருடையவையே என்று சிலர் சொல்வது சரியல்ல. மகளின் மறைவையடுத்துச் சாக் ஸ்னைடர் விலகுவதாக 2017 மே மாதம் அறிவிக்கப்பட்ட பிறகு, இன்னொரு இயக்குநரான ஜாஸ் வீடன் பல காட்சிகளைப் புதிதாக எழுதிப் படமாக்கினார். இசையும் டாம் ஹோல்கன்போர்க்கிடமிருந்து டேனி எல்ஃப்மேனுக்கு மாறியது. இயக்குநர் என்று ஸ்னைடரின் பெயர் மட்டுமே திரையில் வந்ததால்தான் இந்தக் குழப்பம்.

2017 பதிப்பு 120 நிமிடம், 2021 பதிப்பு 242 நிமிடம் என்பது மட்டுமல்ல வேறுபாடு. 2017 நவம்பரில் முந்தையதை மதுரையில் அண்ணன் பிள்ளைகளோடு பார்த்தபோது, பாதி மனிதன், பாதி இயந்திரமான சைபார்க் எதற்காக அந்தக் குழுவில் இருக்கிறான் என்றே எங்களுக்கு விளங்கவில்லை. பிந்தைய பதிப்பிலோ அவனே கதையின் உயிர்நாடி, அவன் தந்தை மகனின் கண்ணெதிரே உயிரைக் கொடுக்கிறார், முந்தையதில் அவர் பிழைத்திருக்கிறார். எனக்கு அந்த ஒரு மாற்றமே இதை வேறு படமாக்கப் போதுமானது.

பிந்தையதிலும் குறை உண்டு: மெதுவியக்கக் காட்சிகள் அளவுக்கு மிஞ்சியவை, முடிந்த பிறகும் நீளும் இறுதிப்பகுதி சோர்வூட்டுகிறது. மின்னல் வேகத்தில் ஓடக்கூடியவனாயினும் சண்டைக்கு அஞ்சும் ஃப்ளாஷிடம், முதலில் ஒருவரை மட்டும் காப்பாற்றச் சொல்லும் பேட்மேனின் அழகான காட்சி, முந்தைய படத்தில் மட்டுமே இருக்கிறது.