விண்வெளி குளிர் எண்டதுக்காக சேர்வர் தானா ஆறாது
தம்பி, விண்வெளி ஐஸ் மாதிரி குளிர், டேட்டா சென்டரை (சேர்வர் கணினியள் அடுக்கி வைச்சிருக்கிற இடம்) அங்க வைச்சா கூலிங் செலவே இல்லையெண்டு எழுதியிருக்கிறீர், உது பிழை. அங்க காத்தே இல்லை, சூட்டை ஆர் இழுத்துக்கொண்டு போறது? விடிய வயலுக்குக் கொண்டு போற பிளாஸ்க்கில தேத்தண்ணி மத்தியானம் வரைக்கும் சுடுறது சுத்திவர வெற்றிடம் இருக்கிறபடியாத்தான், சேர்வரும் மேல அப்பிடித்தான் கிடந்து வேகும். சூடு கதிர்வீச்சாத்தான் போகோணும், அதுக்கு விரிக்கிற தகடு 27 பாகை செல்சியஸில இருந்தா சதுர மீற்றருக்கு ஒரு பக்கத்தால 400 வாட் அளவுதான் விடும், 1 மெகாவாட் (பத்து லட்சம் வாட்) சூட்டுக்கு ரெண்டு பக்கத்தையும் கணக்கெடுத்தாலும் கால் ஏக்கருக்கு மேல தகடு விரிக்கோணும். சர்வதேச விண்வெளி நிலையத்தில அமோனியா ஓடுற, சூட்டை வெளியில விடுற பெரிய ரேடியேட்டர் செட்டையள் நிக்கிறது சும்மா வடிவுக்கே? மேல சோலார் கரண்ட் நல்லா எடுக்கலாமெண்ட கதை மட்டும் சரி, மேல முகில் இல்லைத்தான், மாரிக்க கிளிநொச்சியில எங்கட பனல் படுற பாடு தெரியும்.